'பார்க்கலாம்' என்பதற்கு வாசல் இல்லை

நான் வரையும் படத்தின்படிதான் எங்கள் அலுவலகம் நிற்கிறது. எந்த வேலை யாரிடம் போக வேண்டும் என்று கட்டங்களும் அம்புகளும், முடிவெடுக்கும் இடத்தில் சாய்சதுரமும் போடுவேன். மேல்மாடியில் ரியாஸ் அதை மென்பொருளாக்குவான். மறுநாள் காலையில் கட்டங்கள் அறைகளாகவும் அம்புகள் நடைவழிகளாகவும் இருக்கும்.

செவ்வாய்க்கிழமை கணக்குப் பிரிவு குணவதியைக் காணவில்லை. மகளைப் பள்ளியிலிருந்து கூட்டிவர, சீக்கிரம் போக அனுமதி கேட்டவள். தேடிப் போனேன். அனுமதி தரும் சாய்சதுர அறையில் நின்றுகொண்டிருந்தாள். என் அம்பு உள்ளே மட்டும்தான் போகும். அதனால் வெளியே நின்றே பேசினேன்.

அந்த அறையிலிருந்து வெளியேற இரண்டு வாசல்கள். ஒன்று 'சரி', மற்றது 'முடியாது'. இரண்டும் பூட்டியிருந்தன.

"மேனேஜர் என்னதான் சொன்னார்?"

"பாக்கலாம்னார் சார்."

எங்கள் அலுவலகத்தில் யாரும் முகத்துக்கு நேரே முடியாது என்று சொன்னதில்லை. எல்லோருக்கும் தெரிந்த விஷயம். படம் போட்ட மகராசன் எனக்குத்தான் தோன்றவில்லை.

ரியாஸிடம் போய் மூன்றாவது வாசல் வைக்கச் சொன்னேன். அவன் தலை நிமிரவில்லை.

"படத்துல இல்லாததை எப்படி சார் கட்டறது?"

படத்தை மாற்ற மேனேஜரின் அனுமதி வேண்டும். அந்த விதியையும் நானேதான் வரைந்திருந்தேன்.

மேனேஜர் வேதமாணிக்கம் நல்ல மனிதர். டீ வரவழைத்தார். அம்மாவின் முழங்கால் வலியை விசாரித்தார். நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார்.

"நல்ல யோசனைதான். பாக்கலாம்."

கையில் டீயோடு நான் சாய்சதுர அறைக்குள் நின்றேன். குணவதி நகர்ந்து இடம் கொடுத்தாள்.

சட்டைப்பையில் சாக்பீஸ் இருந்தது. நடப்பதை நடக்கிறபடியே வரைய அனுமதி தேவையில்லை. 'பார்க்கலாம்' என்ற அம்பைப் பள்ளி வாசல்வரை இழுக்கத்தான் ஆசை. ஆனால் ஆசையை வரைந்தால் அது படம் ஆகாது. அறையிலிருந்து கிளம்பி, வளைந்து, அதே அறைக்குள் திரும்பும்படி சுவரில் வரைந்தேன். வரைந்து முடித்ததும் சாக்பீஸைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

மேலேயிருந்து ரியாஸின் குரல் கேட்டது.

"இப்பத்தான் சார் படமும் சிஸ்டமும் ஒத்துப்போகுது."

அவன் என்னைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை.

குணவதியின் போன் அடித்தது. எப்போது வருவாய் என்று மகள் கேட்பது எனக்கும் கேட்டது. குணவதி இரண்டு வாசல்களையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"பாக்கலாம்டா கண்ணு."

சுவரோரம் முதலில் மகளின் பள்ளிப்பை வந்தது. குணவதி இன்னும் கொஞ்சம் நகர்ந்துகொண்டாள்.