குடிக்காதவரின் தள்ளாட்டம்

பெயிண்டர் வாழ்நாளில் ஒரு சொட்டுக் குடித்தவரில்லை. ஆனாலும் அவர் தெருவில் நடந்து வரும் அழகைப் பார்த்த எதிர்வீட்டுக்காரர், பெயிண்டரின் மனைவியிடம், எப்போதிலிருந்து இந்தப் பழக்கம் என்று பரிதாபமாக விசாரித்தார். அன்று சாயங்காலம் கணவரை வாசலிலேயே நிறுத்தி, "ஊதுங்க" என்றாள் மனைவி. ஊதினார். டீயும் டர்பன்டைனும்தான் மணத்தன.

"இதுக்குக் குடிச்சிருந்தாலாவது ஒரு அர்த்தம் இருக்கும்" என்றாள். கேலி செய்தாளே தவிர, உள்ளுக்குள் உறுத்தியது.

அண்ணாந்தபடியே காலமெல்லாம் சீலிங்குக்கு வண்ணம் அடித்தவர். கொஞ்ச நாளாக விரல்கள் மரத்துப்போய்ப் பிரஷ்ஷைப் பிடிக்க மறுத்தன. சட்டைப் பொத்தானோடு மல்லுக்கட்ட முடியாமல் டி-ஷர்ட்டுக்கு மாறினார். வயசு திரும்புகிறதா என்று அதற்கும் கிண்டல் வாங்கிக்கொண்டார். மணிக்கட்டு நரம்புதான் என்று ஒரு டாக்டர் பட்டை கட்டிவிட்டார். கால் தடுமாறுவதைப் பற்றி இவர் அவரிடம் மூச்சே விடவில்லை.

ஒருநாள் ஏணியில் கால் எங்கே இருக்கிறதென்றே தெரியாமல் சறுக்கி, கீழே நின்ற மனைவியின் தம்பி மேல் வாளியோடு விழுந்தார். இருவரும் இளமஞ்சள் நிறத்தில் வீடு திரும்பினார்கள்.

மறுநாள் மனைவியே கூடப் போனாள். நரம்பு டாக்டர் கேட்டதற்கெல்லாம் இவர் பரவாயில்லை என்றார். அவள் பக்கத்திலிருந்து உண்மையைச் சொன்னாள். டாக்டர் நடுவிரல் நகத்தைச் சுண்ட, கட்டைவிரல் தானாக மடங்கியது. கோளாறு மணிக்கட்டில் இல்லை, கழுத்தில் என்று அவருக்குப் பட்டது. ஸ்கேனில் விஷயம் வெட்டவெளிச்சமானது: கழுத்தெலும்புகள் தேய்ந்து துருத்தி, தண்டுவடத்தை நெரித்துக்கொண்டிருந்தன.

"ஆபரேஷன் பண்ணா இதுக்கு மேல மோசமாகாம நிறுத்தலாம். போனது முழுசா திரும்பும்னு சொல்ல முடியாது" என்றார் டாக்டர்.

திரும்பும் வழியில் பெயிண்டர் தன் விரல்களை மடக்கி மடக்கிப் பார்த்தார். கழுத்தில் கத்தி என்பது ஒரு பயம். கை வராவிட்டால் பிறகு தான் யார் என்பது அதைவிடப் பெரிய பயம். மனைவி அவர் கையைக் கோர்த்துக்கொண்டாள்.

"கல்யாணமான புதுசுல கையைப் பிடிச்சு நடக்க வெக்கப்பட்டீங்க. இப்ப விட்டா விழுந்துடுவீங்க."

அவர் சிரித்துவிட்டார். கண்ணும் கலங்கியது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சில மாதங்களில் நடை சீரானது. விரல்களில் மதமதப்பு பாதி மிச்சம். இப்போது சீலிங்குக்கு மச்சினன் ஏறுகிறான். இவர் கீழே நாற்காலி போட்டு, சுவரின் அடிப்பகுதியை நிதானமாக அடிக்கிறார்.

"மச்சான், கழுத்தைத் தூக்கிப் பார்க்காதீங்க. மேல ஒழுங்காத்தான் அடிக்கிறேன்."

"தூக்கல. என் தலையில சொட்டுறதை வச்சே தெரியுது."