மாடிப்படி இறங்கி வந்த புடவை

“அளவு ரவிக்கை எங்க?” என்று கேட்டாள் பொன்னம்மாள்.

“அதெல்லாம் கொண்டாரல. உடம்புல எடு” என்றாள் ஜெயசீலி.

பருத்திப்பட்டு ஊரில் பொன்னம்மாளிடம் தைக்கக் கொடுக்கிற எந்தப் பெண்ணும் அப்படிச் சொன்னதில்லை. பழைய ரவிக்கை ஒன்றைத் துணியோடு சுருட்டிக் கொடுத்து, “இதே மாதிரி” என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். அந்தத் தெருவே ஒரே ரவிக்கையின் பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் போட்டுக்கொண்டுதான் நடமாடியது. பொன்னம்மாளுக்கும் அது வசதி. யோசிக்க வேண்டியதில்லை, வெட்டித் தைத்தால் போதும். இப்போது தையல் மிஷினை விட்டு எழுந்து, நாடாவைத் தேடி எடுத்து, ஜெயசீலியின் தோளில் வைக்க வேண்டியதாயிற்று.

“கழுத்து இந்தத் தோள்லேருந்து அந்தத் தோளுக்கு நேரா போவணும். முன்னாடி எறக்கமே கூடாது. கை ஒடம்போட ஒட்டிகினு முழங்கைக்கு மேல நிக்கணும். கொக்கி பின்னாடி.”

“கொக்கி பின்னாடியா? யாரு போட்டு உடுவா உனக்கு?” என்று கேட்டுவிட்டுப் பொன்னம்மாள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஜெயசீலியின் புருஷன் பிரகாசம் இறந்து இன்னும் வருஷம் முடியவில்லை.

“நானே போட்டுக்குவேன். கை இன்னும் பின்னாடி போவுதுக்கா” என்றாள் ஜெயசீலி. கோபமில்லாமல்தான் சொன்னாள். பொன்னம்மாள் துணியைப் பிரித்தாள். பளிச்சென்ற கத்தரிப்பூ நிறம். இதற்குப் புடவை என்ன என்று கேட்டதற்கு, எலுமிச்சம்பழ மஞ்சள் என்றும், வருஷப் பூசைக்குத் தம்பி பால்ராஜ் எடுத்துக்கொண்டு வருவான் என்றும் பதில் வந்தது. பழைய படம் ஒன்றில் வந்த புடவை அது, கொட்டகையில் பார்த்தது என்றும் சொன்னாள்.

“அந்தக் காலத்துப் படமா? கறுப்பு வெள்ளைதானே? அதுல ஏது மஞ்சள்?”

“எனக்குத் தெரியும்” என்றாள் ஜெயசீலி. பொன்னம்மாள் நாடாவை மறுபடி தோளில் வைத்தாள். இப்படிச் சொல்கிறவளிடம் என்ன பேச முடியும்?

படத்தின் கதையைக் கேட்டால் ஜெயசீலிக்கே சொல்லத் தெரியாது. குமணன்சாவடியில் பிறந்த வீடு. பாவாடை கட்டின வயதில், தம்பியைக் கையில் பிடித்துக்கொண்டு அம்மாவோடு போய் டென்ட் கொட்டகையின் மணலில் உட்கார்ந்து பார்த்தது. யார் யாரைக் கட்டிக்கொண்டார்கள், யார் செத்தார்கள் எல்லாம் மறந்துவிட்டது. ஒன்று மட்டும் மறக்கவில்லை. பெரிய வீடு ஒன்று. கீழே கூடத்தில் அப்பாக்காரர் நின்றுகொண்டு, வாசற்படியைத் தாண்டக் கூடாது என்று கத்துகிறார். கதாநாயகி மாடிப்படியில் இறங்கி வருகிறாள். காதுப் பக்கம் ஒரு சுருள் முடி. தலைக்குமேல் உயர்த்திப் போட்ட கொண்டை. கண்ணில் வால் விட்ட மை. வெளிர் நிறப் புடவை, கரும் நிறத்தில் இழுத்துப் பிடித்த ரவிக்கை. ஒரு வார்த்தை பேசாமல், அவசரப்படாமல், அப்பாக்காரரைத் தாண்டி வாசலுக்குப் போய்விடுகிறாள். வாய் ஓயாமல் பேசிய கதாநாயகன் முகமெல்லாம் மங்கிப்போக, இந்தப் பேசாத நடை மட்டும் ஜெயசீலியோடு வளர்ந்து பெரிதாயிற்று. அந்தப் புடவை மஞ்சள் என்பதில் அவளுக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை. மஞ்சள் கட்டினவளால்தான் அப்படி நடக்க முடியும் என்று அந்த வயதிலேயே முடிவு கட்டிவிட்டாள்.

அப்படிக் கட்டிக்கொள்ளத்தான் ஒரு வருஷம்கூடத் தோதாக வாய்க்கவில்லை. கேட்டபோதெல்லாம் அப்பா, “கல்யாணம் ஆவட்டும், உன் புருஷன் வாங்கித் தருவான், கட்டிக்கோ” என்றார். புருஷன் வந்தான். பிரகாசம் நல்ல மனுஷன். குடிக்கமாட்டான், கை நீட்டமாட்டான், அவளுக்குக் காய்ச்சல் என்றால் கஞ்சி வைத்துக் கொடுப்பான். ஆனால் சிங்காரம் என்றால் மட்டும் அவனுக்கு ஆகாது. ஒருமுறை வேப்பம்பட்டில் ஒரு கல்யாணத்துக்குப் புறப்பட்டபோது காதுப் பக்கம் ஒரு சுருள் முடியை இழுத்துவிட்டிருந்தாள். ஆவடி ஸ்டேஷனில் ரயில் வந்து நின்றது. அவன் ஏறவில்லை. சண்டை போடவில்லை, ஒன்றும் சொல்லவில்லை, அந்தச் சுருளையே பார்த்துக்கொண்டு நின்றான். ரயில் போனபிறகு அவள் முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கினாள். அடுத்த ரயிலில் இருவரும் ஏறினார்கள். அவன் செத்தபோது அவள் அழுத அழுகை பொய்யில்லை. அந்த ரயிலை மறக்கவில்லை என்பதும் பொய்யில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் பல்புக் கம்பெனி வேலைக்குப் போனால் நீலக் கோட்டு, மாதா கோயிலுக்குப் போனால் முக்காடு, இப்போது ஒரு வருஷமாக வெள்ளைப் புடவையும் கறுப்பு ரவிக்கையும். கறுப்பு வெள்ளைப் படத்துக்குள்ளேயே குடித்தனம் நடத்துவது போலிருந்தது. இனிமேல் கலர் கட்டினால், ‘யாருக்காகக் கட்டுற?’ என்று கேட்பார்கள். எனக்காகத்தான் என்று சொன்னால் அதைப் பதிலாகவே எடுத்துக்கொள்ளமாட்டார்கள்.

பிரகாசத்தின் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. வருஷப் பூசை முடிந்து கோயிலிலிருந்து வீட்டுக்கு வந்ததும், பிறந்த வீட்டுப் புடவையைப் புருஷன் வீட்டு மூத்த பெண் எடுத்து விதவையின் தோளில் போட வேண்டும். அவள் உள்ளே போய் மாற்றிக்கொண்டு வந்து எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிட்டால் துக்கம் கழிந்தது. அன்றைக்கு என்ன நிறம் தோளில் விழுகிறதோ, அதுதான் ஆயுசுக்கும் அளவு. அதைவிடத் தூக்கலாக ஒரு நிறம் பின்னால் எவளும் கட்டினதில்லை. மூத்த பெண் என்றால் பிரகாசத்தின் அக்கா ஞானகுமாரி. சின்ன வயதிலேயே புருஷனைப் பறிகொடுத்து, அன்றைக்குத் தோளில் விழுந்த சாம்பல் நிறத்தையே இருபது வருஷத்துக்கு மேலாகக் கட்டிக்கொண்டிருக்கிறவள். பூசைக்கு முந்தின நாள் சாயங்காலம் போட்டோவுக்கு மாலை வாங்கிக்கொண்டு வந்தவள், ஆணியில் தொங்கிய கத்தரிப்பூ ரவிக்கையைப் பார்த்துவிட்டாள்.

“இன்னாடி இது?”

“நாளைக்குப் போட்டுக்க, அண்ணி.”

ஞானகுமாரி ரவிக்கையைக் கையில் எடுத்து, கழுத்தைப் பார்த்தாள், கொக்கியைப் பார்த்தாள். “எந் தம்பி எலும்பு இன்னும் மண்ணுல காயல. அதுக்குள்ள சினிமாக்காரி வேஷமா? நான் கட்டல இந்தச் சாம்பலை? எனக்கு மட்டும் வயசு இல்லாமலா இருந்துது?”

“நீங்க கட்டுனீங்க அண்ணி. நான் உங்களைத் தப்பு சொல்லல. ஆனா எனக்கு அது வேணாம்.”

“அப்போ ஒண்ணு சொல்றேன் கேட்டுக்கோ. கோயில் பங்கு ஜனமெல்லாம் வரும். சாந்தமா ஒரு கலர் வந்தா நானே எடுத்து உன் தோள்ல போடுவேன். ஆடுற கலரா வந்துதுன்னா தொடக்கூட மாட்டேன். காலத்துக்கும் இந்தக் கறுப்பு ரவிக்கையோட கெட.” மாலையை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். ஜெயசீலி ரவிக்கையைத் தட்டி மறுபடி ஆணியில் மாட்டினாள்.

கோயிலில் பூசை நல்லபடியாக நடந்து எல்லோரும் வீட்டுக்கு வந்தார்கள். வாசலில் போட்டிருந்த ஷாமியானாவில் நாற்காலிகள் நிறைந்தன. பின்பக்கம் அடுப்பில் சாப்பாடு கொதித்துக்கொண்டிருந்தது. பால்ராஜ் பெரிய ஜவுளிக்கடைப் பையோடு சைக்கிளிலிருந்து இறங்கினான். அவன் முகமெல்லாம் சந்தோஷம். ‘மாடிப்படி இறங்கி வருவாளே, அந்தப் புடவைதான்டா வேணும்’ என்று சொல்லி அனுப்பியிருந்தாள். எந்தப் படம் என்று அவன் திருப்பிக் கேட்கக்கூட இல்லை. அக்கா மனசு தெரிந்த ஒரே ஆள்.

“பட்டணத்துல ஏறாத கடையில்லக்கா. கண்ணை மூடிகினு அந்த சீனை நெனைச்சுப் பார்த்துதான் எடுத்தேன். அச்சு அசல் அதே புடவை” என்று தாம்பாளத்தில் வைத்துப் பிரித்தான்.

வெள்ளை. பால் வெள்ளை. ஓரத்தில் விரல் அகலம் வெள்ளிச் சரிகை.

ஞானகுமாரியின் முகம் மலர்ந்துவிட்டது. நேற்று பேசினதையெல்லாம் வாபஸ் வாங்கிக்கொள்கிறவள் போல எழுந்து வந்து, “பொறந்த ஊட்டுக்கு இருக்குற புத்தி உனக்கு இல்லையேடி. ஆண்டவரே பார்த்து அனுப்பிச்ச புடவை” என்று தாம்பாளத்தில் கை வைத்தாள்.

“யாருடா உனக்குச் சொன்னா வெள்ளைன்னு?” என்றாள் ஜெயசீலி தம்பியிடம்.

பால்ராஜ் விழித்தான். “படத்துல வெள்ளையாத்தானேக்கா இருந்துது?”

“அந்தப் படத்துல வாழைப்பழம்கூடத்தான்டா வெள்ளையா இருந்துது!”

யாரோ சிரித்து, உடனே அடக்கிக்கொண்டார்கள். மணலில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரே பொட்டலத்து வேர்க்கடலையைத் தின்றுகொண்டு, அவள் மஞ்சளைப் பார்த்திருக்கிறாள், அவன் வெள்ளையைப் பார்த்திருக்கிறான். இத்தனை வருஷத்தில் ஒருநாளும் அதை ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளத் தோன்றவில்லை. அவனைத் திட்ட அவளுக்கு மனசு வரவில்லை. கண்ணால் பார்த்ததை வாங்கி வந்திருக்கிறான். ஆனால் ஞானகுமாரி புடவையைத் தூக்கிவிட்டாள். தோளில் விழுந்தால் முடிந்தது, சாகிறவரைக்கும் வெள்ளை. நாற்காலியில் இருந்தவர்கள் எல்லோரும் எழுந்து நின்றார்கள்.

ஜெயசீலி ஒரு எட்டு முன்னால் வந்து, புடவையை நாத்தனார் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். பிடுங்கவில்லை. குழந்தையை வாங்குவதுபோல இரண்டு கையாலும் வாங்கி, நேராக வீட்டைக் கடந்து பின்பக்கம் போனாள். சமையல்காரன் தள்ளி வைத்திருந்த வெந்நீர்த் தவலை இருந்தது. அந்தச் சித்திரையில்தான் மாவு மிஷினில் கொடுத்து வருஷத்துக்கு வேண்டிய தூளெல்லாம் அரைத்து வைத்திருந்தாள். மஞ்சள்தூள் டப்பாவைத் தூக்கி வந்து அப்படியே தவலையில் கவிழ்த்தாள்.

“அக்கா, சரிகை போயிடும்க்கா!” என்றான் பின்னாலேயே ஓடிவந்த பால்ராஜ்.

“போவட்டும். நீ இன்னும் ஒரு வாளி வெந்நீர் கொண்டா.”

அவன் வாளியை எடுத்தான்.

புடவை தவலைக்குள் போனது. கையை முழங்கைவரை விட்டு அமுக்கினாள், திருப்பினாள், அலசினாள். சூடு பொறுக்கவில்லை. கறுப்பு ரவிக்கையின் கை நனைந்து தோலோடு ஒட்டியது. அதற்குள் கூட்டம் பின்பக்கம் திரண்டுவிட்டது. ஞானகுமாரி முன்னால் வந்து நின்றாள். “எந் தம்பி பூசை நாள்ல மஞ்சத்துணி முக்குறியா? இது நம்ம வேதத்துல இல்லாத அஞ்ஞானக்காரங்க செய்யற வேலைடி!”

“கொழம்புல போட்டா சாப்புடுறோம். புடவையில போட்டாத்தான் அஞ்ஞானமா அண்ணி?” ஜெயசீலி தலையைத் தூக்காமலே கேட்டாள். பிறகு தூக்கினாள். “அப்பா ஊட்டுல கேட்டேன், புருஷன் வரட்டும்னாரு. புருஷன் வந்தாரு, அவுருக்குப் புடிக்கல. இப்போ அவுரு இல்ல, அதனால கூடாதாம். எப்பத்தான் அண்ணி நான் கட்டறது? எனக்கும் சேர்த்துப் பூசை வச்சப்புறமா?”

ஞானகுமாரி விறுவிறுவென்று வாசலுக்குப் போய், ஷாமியானாவுக்கு வெளியே முருங்கை மரத்தடியில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். சாப்பிடமாட்டேன் என்றும், போகவும்மாட்டேன் என்றும் சேர்த்துச் சொல்வதுபோல இருந்தது அது. ஜெயசீலியும் பால்ராஜும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துப் புடவையை முறுக்கிப் பிழிந்தார்கள். எலுமிச்சம்பழ மஞ்சள் இல்லை. அதைவிட ஆழம், மாம்பழத்துக்குப் பக்கத்தில் வரும். அங்கங்கே திட்டுத்திட்டாக வேறு பிடித்திருந்தது. ஜெயசீலிக்கு அது போதும்.

வீட்டில் கொடி கட்டியிருந்தது ஒரே இடத்தில்தான். வாசல் தூணிலிருந்து முருங்கை மரத்துக்கு, ஞானகுமாரியின் தலைக்கு மேலே. ஜெயசீலி ஈரப் புடவையோடு அங்கே வந்து நின்றாள். முழங்கைவரை மஞ்சளாக இருந்தாள். ஒதுக்கிவிட நேரமில்லாமல் ஒரு முடிக்கற்றை காதுப் பக்கம் சுருண்டு கிடந்தது.

“எழுந்திருங்க அண்ணி. சொட்டும்.”

“நான் ஏன் எழுந்திருக்கணும்? எந் தம்பி ஊடு. இங்கதான் உக்காருவேன்.”

“உக்காருங்க. ஆனா புடவை இங்கதான் காயும். வெய்யில்ல செத்த நேரத்துல காஞ்சிடும். காஞ்சதும் நீங்க எடுத்துப் போட்டா சந்தோஷம். போடலன்னா நானே எடுத்துப் போட்டுக்குவேன். ஆனா கட்டாம இன்னைக்குச் சோத்துல கை வைக்கமாட்டேன்.” சொல்லிவிட்டு வீசினாள். ஆறு கஜமும் கொடியைத் தாண்டி விழுந்து, மரத்தடி முழுக்க மஞ்சள் வெளிச்சமாயிற்று.

உள்ளே கத்தரிப்பூ ரவிக்கையை எடுக்கப் போன ஜெயசீலி, ஜன்னல் வழியாக வாசலைப் பார்த்தாள். புடவையின் ஓரத்தில் தண்ணீர் கூடி, கனத்து, ஒவ்வொரு சொட்டாக ஞானகுமாரியின் மடியில் விழுந்துகொண்டிருந்தது. சாம்பல் நிறப் புடவையில் ஒன்று, அதன் பக்கத்தில் இன்னொன்று. ஞானகுமாரி கட்டை விரலால் ஒரு சொட்டைத் துடைத்துப் பார்த்தாள். அது போகவில்லை, படர்ந்தது. அவள் விரலைப் பார்த்தாள். நாற்காலியை நகர்த்தவில்லை.