பெயர் எழுதிய கிண்ணம்

வெயில் ஏறுவதற்குள் பூவைப் பறித்து முடித்துவிட வேண்டும். தாமதித்தால் குங்குமப்பூ வதங்கிவிடும். அதனால் தோர்பத் நகரத்துக்குத் தெற்கேயுள்ள அந்தக் கிராமத்தில், அறுவடை மாதம் முழுவதும் பெண்கள் குனிந்த முதுகோடுதான் விடியலைப் பார்ப்பார்கள். மாஹ்குல் எப்போதும் கடைசி ஆளாக நடப்பாள், தனக்குப் பின்னால் யாரும் வரக்கூடாது என்று. ஆனாலும் ஒரு சின்னக் காலடி வந்துகொண்டுதான் இருந்தது. அவள் நின்றால் அதுவும் நின்றது. ஆறு வருஷத்தில் அவள் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்த்ததில்லை.

அவள் ஆப்கானிஸ்தானிலிருந்து எல்லை மலையைக் கடந்து வந்தவள். வழியில் நான்கு வயது மகளைப் பறிகொடுத்தாள். பட்டப்பகலிலும் நீட்டிய கை தெரியாத மூடுபனி அன்று. அவள் போர்வை நுனியைப் பிடித்து நடந்த பிள்ளையின் கை எப்போது நழுவியது என்று தெரியவில்லை. கீழே காவலர்களின் சாவடி. கூப்பிடப் போனவளின் வாயை வழிகாட்டி பொத்தினான். "ஒரு புள்ளைக்காக இருபது பேரும் சாகணுமா?" என்றான். அவன் கையை எடுத்த பிறகும் மாஹ்குல் கூப்பிடவில்லை.

மறுநாள் கணவன் நியாஸ் திரும்பிப் போய், பாறையிடுக்கில் விறைத்துக் கிடந்த பிள்ளையைக் கண்டெடுத்தான். கல்லடுக்கி மூடிவிட்டு வந்தான். "பாதையிலேர்ந்து நாப்பது எட்டு வெச்சா போதும்" என்றான். சொல்லியிருக்க வேண்டாம் என்று அவனே பிறகு வருந்தினான். அது கூப்பிட்டால் கேட்டிருக்கும் தூரம்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் அந்தப் பெயரைச் சொல்லவில்லை. தெருப் பிள்ளைகளின் பெயர்களைக்கூட மாஹ்குல் காதில் வாங்கிக்கொள்ள மாட்டாள்.

பறித்த பூவை இஸ்மத்தின் வீட்டுக் கூடத்தில் கொட்டி, சுற்றி உட்கார்ந்து சிவப்பு நாரைக் கிள்ளி எடுப்பார்கள். நிலத்துக்காரி இஸ்மத்துக்கு மாஹ்குலைவிட இரண்டு வயதுதான் கூட. வாய் ஓயாதவள்.

"கை நிறைய தின்னா சிரிச்சு சிரிச்சே உசிரு போயிடுமாம், தெரியுமா?" என்பாள் அவள்.

"போகட்டுமே! என் மாமியாரு முன்னாடி ஒரு தடவையாவது சிரிச்ச மூஞ்சியா கெடப்பேன்" என்பாள் எதிரே இருக்கும் தூபா.

"மாஹ்குல், நீ தின்னு பாரேன். உன் மூஞ்சி எப்பத்தான் மலருதுன்னு பாப்போம்" என்பாள் இஸ்மத்.

"அடுத்தவங்க பொருளு, அக்கா. அமானிதம்" என்பாள் மாஹ்குல். ஆறு அறுவடையில் எத்தனை லட்சம் நார் அவள் விரல் வழியாகப் போயிருக்குமோ, ஒன்றைக்கூட நாக்கில் வைத்ததில்லை. அவள் ஊரில் மஞ்சள் தூள்தான் சோற்றுக்கு நிறம்.

ஸஃபர் மாதத்தின் ஐந்தாம் நாள் பகலில் இஸ்மத் அவள் கதவைத் தட்டினாள். கையில் பெரிய தாம்பாளம்.

"நேர்ச்சை ஷோலே. சூடு ஆறட்டும், தளும்பாம பிடி. இன்னும் அரைத் தெரு பாக்கியிருக்கு" என்று ஒரு கிண்ணத்தைக் கொடுத்துவிட்டு ஓடினாள்.

அரிசியும் சர்க்கரையும் குங்குமப்பூவும் குழையக் காய்ச்சியது. சூரியன் தங்கியதுபோல் அப்படி ஒரு மஞ்சள். அதன்மேல் பட்டைத் தூளால் ஏதோ எழுதியிருந்தது. சின்ன வயதில் ஓதப் படித்த எழுத்துகளைக் கொண்டு மாஹ்குல் கூட்டிப் படித்தாள். யா. ரே. காஃப்...

யா ருகய்யா. ஏ ருகய்யா.

அவள் கதவைச் சாத்தினாள். யாரோ உள்ளே வந்துவிட்டார்களோ, வெளியே நின்றுவிட்டார்களோ என்று தெரியாமல் மறுபடி திறந்தாள். கிண்ணத்தைப் பார்க்கவும் முடியவில்லை, கீழே வைக்கவும் முடியவில்லை. நியாஸ்தான் உளறியிருக்க வேண்டும். ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. பெற்றவள் கூப்பிடாத பிள்ளையை ஊர் கூப்பிட்டுக் காட்டுகிறது.

கிண்ணத்தோடு நேரே இஸ்மத் வீட்டு முற்றத்துக்குப் போனாள். அங்கே விரித்த பாயில் இன்னும் முப்பது கிண்ணங்கள் ஆறிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றிலும் அதே பெயர். முப்பதும் ஒரே நேரத்தில் அவள் மகளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தன.

"நேர்ச்சையைத் திருப்பிக் கொண்டாந்தியா?" அடுத்த சுற்றுக்குத் தாம்பாளத்தைத் துடைத்துக்கொண்டிருந்த இஸ்மத்தின் முகம் கடுத்தது. "எங்க கை சமையல் உனக்கு ஆகாதா?"

"எம் மக பேரை உங்களுக்கு யாரு சொன்னது?"

"உனக்கு மக இருக்காளா?"

"இருந்தா."

இஸ்மத் கிண்ணத்தைப் பார்த்தாள், மாஹ்குலைப் பார்த்தாள். தாம்பாளம் கையிலிருந்து நழுவிப் பாயோரம் விழுந்தது.

"யா அல்லாஹ்! இது இமாம் ஹுசைனோட மக பேரு, மாஹ்குல். சிறைப்பட்டுப் போன ஊர்ல, அப்பாவைத் தேடி அழுதே மௌத்தான சின்னப் புள்ள. இன்னிக்கு அவ நாளு. நேர்ச்சை வெச்சவங்க எழுதறதுதான், எங்க வீட்டுல இந்த வருஷந்தான் மொதல் தடவை. சத்தியமா எனக்குத் தெரியாது."

மாஹ்குலின் ஊரில் அந்த வழக்கம் இல்லை. அவள் அப்படியே பாயோரம் உட்கார்ந்துவிட்டாள். பிறகு மூடுபனியைச் சொன்னாள், வாயைப் பொத்திய கையைச் சொன்னாள், நாற்பது எட்டைச் சொன்னாள். வாயோயாத இஸ்மத் ஒரு வார்த்தை குறுக்கே பேசவில்லை. துக்கத்தைக் கேட்பதற்கென்று ஆண்டவன் சிலருக்குத் தனியாக ஒரு மௌனத்தைக் கொடுத்து வைத்திருக்கிறான்.

கடைசியில் இஸ்மத் உள்ளே போய் இரண்டு கரண்டி எடுத்து வந்தாள்.

"சாப்பிடு."

"எம் புள்ள பேருல எப்படிக் கரண்டி வைப்பேன், அக்கா?"

இஸ்மத் கிண்ணத்தை மெல்லச் சுழற்றினாள். "ஓரத்துல பேரு இல்ல பாரு. அங்கேர்ந்து எடு. நான் இந்தப் பக்கம் எடுக்கறேன்."

மாஹ்குல் ஓரத்திலிருந்து ஒரு துளி எடுத்து வாயில் வைத்தாள். ஆறு வருஷமாக நகக்கண்ணில் கசந்த வாசனைதான். ஆனால் நாக்கில் அது வேறாக இருந்தது. முதலில் தேன்போல் இனித்தது, பிறகு வெயிலில் காய்ந்த புல் மணந்தது. எல்லாம் கரைந்த பின் அடித்தொண்டையில் மெல்லிய ஒரு கசப்பு மட்டும் போக மனமில்லாமல் நின்றது. அவள் இரண்டாவது கரண்டி எடுத்தாள். இருவரும் இரண்டு பக்க ஓரத்திலிருந்தும் தின்றுகொண்டே வந்தார்கள். நடுவில் பெயர் மட்டும் மிஞ்சியது.

"எழுத்துல கூப்பிட்டது நான்தான்" என்றாள் இஸ்மத் மெதுவாக. "நீ கூப்பிடவே இல்லியே."

"இல்ல."

"இங்க யாரு வந்து உன் வாயைப் பொத்தப் போறா?"

மாஹ்குல் எழுந்தாள். முதலில் காற்றுதான் வந்தது. பிறகு குரல் உடைந்து வந்தது. மூன்றாவது முறை அது மலைக்குக் கேட்கும் குரலாகவே வந்துவிட்டது.

"ருகய்யா!"

பக்கத்து வீட்டில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்த சத்தம் நின்றது. முற்றத்தில் பட்டைத் தூளின் வாசனை மட்டும் இருந்தது. ஆறு வருஷம் பிந்திய கூப்பாட்டுக்கு யார் பதில் சொல்வார்கள்?

"என்னங்க?"

அவளுக்குப் பின்னாலிருந்து வந்தது அந்தக் குரல். திரும்பக் கழுத்து மறுத்தது. திரும்பினாள்.

கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்க நின்றாள் ஒரு சிறுமி. கோடையில் தெருக்கோடிக்குக் குடிவந்த லாரி ஓட்டுநரின் மகள். ஆறு வயதிருக்கும்.

"என்னையா கூப்பிட்டீங்க? எங்க வீடு வரைக்கும் கேட்டுச்சு."

இல்லை என்று சொல்ல இஸ்மத் வாயெடுத்தாள். மாஹ்குல் அவள் தோளைத் தொட்டு நிறுத்தினாள்.

"ஆமா, கண்ணு. கூப்பிட்டேன்" என்றாள். "கொஞ்சம் லேட்டாயிடுச்சு. வா, உக்காரு."

பிள்ளை கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தது. கிண்ணத்தை எட்டிப் பார்த்தது.

"ஐ! என் பேரு!"

"உன் பேருதான். சாப்பிடு."

மாஹ்குல் இரண்டு கையாலும் கிண்ணத்தைச் சாயாமல் பிடித்துக்கொண்டாள்.