சாவு வீட்டு மாவு

லைட்டனின் வாயோரத்தில் பழுப்பு நீர் மறுபடியும் கசிந்தது. எனெலேசி துணியின் உலர்ந்த முனையைத் தேடித் துடைத்தாள். முந்தின நாள் காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த கணவன் பிறகு எழுந்திருக்கவில்லை.

வெளியே பெண்கள் கிண்ணங்களில் சோள மாவு சுமந்து வந்து, வாசலில் வாய் திறந்து வைத்திருந்த சாக்கில் கொட்டினார்கள். அறுவடைக்கு முந்தின பஞ்ச மாதம். பானையடியைச் சுரண்டி எடுத்த மாவு. சாவு விழுந்த வீட்டுக்கு வெறுங்கையோடு போவது அங்கே வழக்கமில்லை.

மழலைப் பள்ளிக் கஞ்சிக் குழுவுக்கு லைட்டன்தான் தலைவன். அறுவடையில் வீட்டுக்கொரு கூடைச் சோளமும் கடலையும் ஊரார் கொடுப்பார்கள். தாய்மார் முறைவைத்துக் காய்ச்சுவார்கள். போன அறுவடைச் சோளத்தை, மேலே புல் போட்டு மூடி, மாட்டு வண்டியில் ம்சிம்பா சந்தைக்கு அனுப்பினான். ஊராரிடம் வண்டு அரித்துவிட்டது என்றான். வீட்டுக்குத் தகரக் கூரை வந்தது. பள்ளியில் அடுப்பு எரியவில்லை.

“பிள்ளைங்க கஞ்சிங்க அது” என்று அப்போது அவள் சொன்னாள்.

“நனையாம தூங்குறல்ல? வாயை மூடு.”

ஃபாலேசி கிண்ணத்தோடு உள்ளே வந்தாள். அவள் மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் கஞ்சிதான் பிடிக்கும்; அது நின்றபின் சோறில்லாமல் கால் வீங்கிப்போயிருந்தது.

“நீ எதுக்குடி கொண்டு வந்தே?”

“சாவு வீடாச்சேக்கா.”

“உனக்குத் தெரியாதா?”

ஃபாலேசி கூரையை ஒருமுறை பார்த்தாள். “எல்லாருக்கும் தெரியும். வண்டி ஓட்டினவன் என் சித்தப்பா மவன்தானே.”

“அப்புறம் ஏன் ஒருத்தரும் கேக்கல?”

“நாளைக்கு என் வீட்டுல ஒண்ணு விழுந்தா குழி வெட்ட யாருக்கா வருவா?”

இடுகாட்டில் ஊர்த்தலைவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு பேசினார். “ஒரு குழந்தையையும் பசியோட தூங்க விடாத மனுசன்யா.” பெண்கள் ஓவென்று அழுதார்கள். ஃபாலேசியின் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது. எனெலேசி முகத்தைக் கவிழ்த்து முந்தானைக்குள் துப்பினாள். அழுகிறாள் என்று நினைத்து யாரோ முதுகைத் தடவினார்கள்.

மண் தள்ளி முடிந்ததும், இனி லைட்டனின் தம்பி வைசன்தான் கஞ்சிக் குழுவுக்குத் தலைவன் என்றார் ஊர்த்தலைவர். எல்லாரும் கை தட்டினார்கள்.

குழி வெட்டியவர்கள் சாப்பிட்டுப் போன பிறகு, வைசன் மிச்ச மாவுச் சாக்கைச் சைக்கிளில் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தான்.

“எங்க கொண்டுபோறே?”

“இங்க கெட்டுப்போயிடும் அண்ணி. நான் பத்திரமா வச்சிருக்கேன். இப்ப நான்தானே தலைவன்?” சிரித்தான். பல்லிடுக்கில் ஆட்டுக்கறி தெரிந்தது. அண்ணனின் அதே பற்கள்.

“இறக்கு.”

“அண்ணி, அண்ணன் மேல போட்ட மண்ணு இன்னும் காயல...”

“இறக்குடா!”

அவளே கயிற்றை அவிழ்த்தாள். சாக்கு தரையில் விழுந்தது. தனியாகத் தூக்க முடியவில்லை. சட்டி கழுவிக்கொண்டிருந்த ஃபாலேசி ஈரக்கையோடு வந்து மறுமுனையைப் பிடித்தாள்.

“துக்கத்துல புத்தி கலங்கிப்போச்சு” என்று வைசன் ஊருக்குக் கேட்கும்படி சொன்னான்.

பள்ளிக் கொட்டகை அடுப்பில் கோழி முட்டையிட்டிருந்தது. சாம்பலை வாரிவிட்டு இருவரும் தீ மூட்டினார்கள். புகையைப் பார்த்துப் பிள்ளைகள் வந்தார்கள். பின்னாலேயே தாய்மார்களும் வந்து வேலியோரம் நின்றார்கள்.

“சாவு வீட்டு மாவு. பிள்ளைங்களுக்கு ஆகாது” என்றாள் ஒருத்தி.

கஞ்சி கொதித்ததும் எனெலேசி அகப்பையில் மொண்டு, ஊதி, எல்லாரும் பார்க்கக் குடித்தாள். விழுங்கினாள். இன்னொரு வாய் குடித்தாள்.

ஃபாலேசியின் மகள் தாயைப் பார்த்தாள். பிறகு வேலியைத் தாண்டி மெல்ல நடந்து வந்தாள்.

“சர்க்கரை போட்டிருக்கா பெரியம்மா?”

“இல்ல.”

சிறுமி கொஞ்சம் யோசித்தாள். குவளையைச் சட்டையில் துடைத்துவிட்டு நீட்டினாள்.