மூக்கும் ஒரு மூடி விஸ்கியும்

என் வீட்டுக்காரர் வேல்சாமிக்கு ஐப்பசியில் ஒரு காய்ச்சல் வந்தது. நாலு நாளில் போய்விட்டது, போகும்போது அவர் மூக்கையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. மல்லிகையும் தெரியாது, மண்ணெண்ணெயும் தெரியாது. வேறு வேலை பார்க்கிற ஆளென்றால் விட்டுத்தொலைக்கலாம். இவர் ஸ்ரீவில்லிபுத்தூரில் விறகடுப்பில் பால்கோவா கிண்டுகிறவர். பாலில் புகை ஏறினால் நாக்குக்கு முன்னால் மூக்குதான் சொல்லும். எங்கள் தொழிலில் 'பொகஞ்சிருச்சு' என்பது கெட்ட வார்த்தை.

அந்த மாதமே சுந்தரபாண்டியத்துக் கல்யாண வீட்டுக்குப் போன கோவா புகைவாடை என்று திரும்பி வந்தது. அதோடு அவர் கரண்டியைத் தொடவில்லை. நான் கிண்டினேன், அவர் வாசலில் உட்கார்ந்து பொட்டலம் மடித்தார். அந்த உட்காருகிற தினுசைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஆத்திரமாக வரும்.

கார்த்திகையில் ராஜபாளையத்திலிருந்து என் தம்பி வைகுண்டராஜ் வந்தான். கப்பலில் இன்ஜினியர். ஸ்காட்லாந்து போய்வந்த பெருமையில் மச்சானுக்கென்று ஒரு விஸ்கி பாட்டில்.

"அத வீட்டுக்குள்ள வச்சேன்னா ஒன்னையும் சேத்து வெளிய தள்ளிருவேன்" என்றேன். அவன் கேட்டால்தானே. மூடியில் ஊற்றி நீட்டினான்.

இவர் குடித்தார். முகம் கோணியது.

"மாப்ள, ஒன்னய நல்லா ஏமாத்திட்டாக. பொகஞ்ச சரக்கத் தள்ளி விட்டுருக்கான்."

தம்பி சிரித்தான். "அது அப்படித்தான் மச்சான். அங்க சதுப்பு மண்ண வெட்டி, வறட்டி மாதிரி காயவச்சு எரிப்பாக. அந்தப் பொகையிலதான் பார்லியக் காயவப்பாக. வேணும்னே ஏத்துற பொக."

"வேணும்னேவா?" இவருக்கு அது செரிக்கவே இல்லை.

எனக்குத்தான் முதலில் உறைத்தது. "ஏங்க, பொகன்னு எப்படிக் கண்டுபிடிச்சீக?"

மூடியை மறுபடி மூக்குக்குக் கொண்டுபோனார். பொகதான் என்று தலையை ஆட்டினார்.

அன்றிலிருந்து தினம் விளக்கேற்றியதும் ஒரு மூடி. குடிகாரனைக் கண்டால் தெருவைச் சுற்றிப் போகிற நான்தான் அளந்து ஊற்றினேன். முதல் வாரம் கஷாயம் மாதிரி கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார். பிறகு டிஞ்சர் வாடை என்றார், உப்பு என்றார், அடியில் ஒரு இனிப்பு ஒளிஞ்சிருக்கு என்றார். மார்கழிக்குள் மனுசனுக்கு அது பிடித்தே போய்விட்டது. நானும் நாக்கில் தொட்டுப் பார்த்தேன். தீப்பிடித்த ஆஸ்பத்திரியை நக்கினதுபோல் இருந்தது.

ஆனால் அந்த மூடியைத் தாண்டி வேறெந்த வாசமும் அவர் மூக்கில் ஏறவில்லை. சாம்பிராணி போட்டேன், கருவாடு வறுத்தேன், ஒன்றும் நடக்கவில்லை. தையில் பாட்டில் அடியைத் தொட்டது. தம்பி கப்பலேறிவிட்டான், திரும்பிவர ஆறு மாதம்.

"இது தீந்தா இந்த வாசமும் போயிருமோ?" என்றார்.

"வாய மூடுங்க" என்று எரிந்து விழுந்தேன். பயம் எனக்கும்தான்.

கடைசி மூடியை ஊற்றி, கொடுக்கக் குனிந்தேன். அவர் வாங்கவில்லை. என் பக்கம் முகத்தைத் திருப்பி ஒரு தடவை மூச்சை இழுத்தார். இன்னொரு தடவை இழுத்தார்.

"ஏட்டி, தலைக்கு வேற எண்ணெயா தேய்க்க?"

எண்ணெய் மாற்றி இரண்டு மாதம் ஆகியிருந்தது.

"ஏன், நல்லால்லையா?" என்றேன்.

"நல்லாத்தான் இருக்கு" என்று என் தலையில் மூக்கை வைத்துக்கொண்டார். வேண்டிய மட்டும் மோந்துகொள்ளட்டும் என்று நானும் நிமிராமல் அப்படியே நின்றேன்.