நாற்பது நிமிடம்

கத்தி நுனியைத் தாளுக்கு அடியில் விட்டு மெதுவாகத் தள்ளினான். சமையலறை அலமாரிக் கதவில் ஒட்டியிருந்த வரைபடத் தாளில் மூன்று மூலைகள் வந்துவிட்டன. நான்காவது வர மறுத்தது. முன்னறையில் அவன் மனைவியைக் கிடத்தியிருந்தார்கள். பதினொரு மணிக்குச் சுடுகாட்டு வண்டி வரும். டீ போட யாராவது உள்ளே வருவதற்குள் இதை எடுத்துவிட வேண்டும்.

அவனுக்கு நீர்த்தேக்கத்தில் வேலை. தினமும் காலையில் தண்ணீரில் நட்டிருக்கும் அளவுகோலைப் பார்த்து மட்டத்தைக் குறிப்பான். வாரக் கடைசியில் கோடு வரைவான். இரண்டு வருடத்துக்கு முன்னால், எதைச் சாப்பிட்டாலும் மனைவிக்கு வயிற்றை முறுக்கி வலியெடுத்து, கழிவறைக்கு ஓட வேண்டியதாகிவிட்டபோது, வீட்டிலும் ஒரு நோட்டுப் போட்டான். டாக்டரும் அதைத்தான் சொன்னார்.

"பால் ஒத்துக்காம இருக்கலாம். கோதுமையா இருக்கலாம். கிருமி, பித்தப்பை, ஏதாவது மாத்திரை, இல்ல வெறும் மனக்கவலையாக்கூட இருக்கலாம். ஒவ்வொண்ணா நிறுத்திப் பாருங்க. எழுதி வைங்க."

வெளியே வந்ததும் அவள் சொன்னாள்: "லிஸ்ட்ல உங்க பேரையும் சேர்த்துக்கலாம். உங்களையும் ரெண்டு வாரம் நிறுத்திப் பார்க்கறேன்."

முதலில் பாலை நிறுத்தினார்கள். பிறகு கோதுமையை. அவள் பத்தியம் அவனுக்கும் பத்தியம். வலி வந்தால் சாப்பிட்ட நாற்பது நிமிடத்துக்குள் வந்துவிடும். இரவுச் சாப்பாடு முடிந்ததும் இருவரும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்கள். நாற்பது தாண்டிவிட்டால் பந்தயத்தில் ஜெயித்தவள் போல அவள் இரண்டு கையையும் தூக்குவாள். பெரும்பாலும் அதற்கு முன்பே எழுந்து போய்விடுவாள்.

போன வருடத்திலிருந்து கோடு இறங்க ஆரம்பித்தது. வலி நாளுக்கு ஆறு தடவை என்பது நாலாகி, இரண்டாகி, ஒன்றாயிற்று. அவள் இளைத்தாள். பத்தியம் இருந்தால் இளைக்கத்தானே செய்யும் என்றார்கள் இருவரும். டாக்டரும் தாளைப் பார்த்து, "நல்லா இறங்குதே" என்றார். அன்றைக்குத்தான் அவன் அதைக் கதவில் ஒட்டினான். அவள் வெகுநேரம் அவனையே பார்த்துவிட்டு, "அழகா வரைஞ்சிருக்கீங்க" என்றாள்.

நீர்த்தேக்கத்தில் கோடு இப்படி இறங்கியிருந்தால் அன்றே மேலதிகாரிக்கு ஃபோன் போட்டிருப்பான்.

குடலில் கட்டி. கண்டுபிடித்தபோது ஈரல்வரை போயிருந்தது. அதன்பின் பதினொரு வாரம்தான் இருந்தாள்.

"தம்பி."

ஹாரன் அக்கா நின்றிருந்தாள். அவன் மனைவியைப் போலவே அதே பள்ளிக்கு வேன் ஓட்டுபவள். ஆளில்லாத தெருவிலும் ஹாரன் அடிப்பாள் என்று மனைவி வைத்த பெயர் அது. பைக்குள்ளிருந்து ஒரு டப்பாவை எடுத்து மேடைமேல் வைத்தாள். அவன் தினமும் சாப்பாடு கட்டிக் கொடுத்த டப்பா.

"அவ கடைசியா வேலைக்கு வந்த அன்னிக்கு என்கிட்ட தங்கிருச்சு. கழுவித்தான் வெச்சிருக்கேன்."

"சாப்பிட்டுட்டு உங்ககிட்ட குடுத்தாளா?"

"அவ எங்க சாப்பிட்டா? நான்தானே..." என்றவள் நிறுத்தினாள். "உங்களுக்குத் தெரியும்னுல்ல நெனைச்சேன்."

"எத்தனை நாளாக்கா?"

"போன வருஷம் பள்ளிக்கூடம் தொறந்ததுல இருந்து. வண்டி நெறைய பிள்ளைங்கள வெச்சுக்கிட்டு நடு ரோட்டுல வயித்தப் புடிச்சா எங்கப்பா போவா? காலையில தண்ணி. மத்தியானமும் தண்ணி. வீட்டுக்கு வந்துதான் ஏதோ." அவள் குரல் தணிந்தது. "கிழங்குல உப்பு பத்தலடின்னு நானே ஒருதரம் சொன்னேன். மறுநாள் சரியா இருந்துச்சு."

அவனுக்கு நினைவிருந்தது. 'உப்பு கொஞ்சம் கூட்டுங்க' என்று மனைவி சொன்ன மாலை.

நோட்டை எடுத்துப் புரட்டினான். வேலை நாள்களில் அவள்தான் எழுதுவாள். மதியம்: சோறு, உருளைக்கிழங்கு. வலி இல்லை. மதியம்: சோறு, அவித்த முட்டை. வலி இல்லை. பக்கம் பக்கமாக அப்படியே. வலி இல்லை என்பது மட்டும் பொய்யில்லை.

மாமியார் உள்ளே வந்தார். அழுது ஓய்ந்த முகம். நோட்டைப் பார்த்தார், பாதி தொங்கிய தாளைப் பார்த்தார்.

"மாப்ள, ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனைக்காதீங்க. ரெண்டு வருஷமா பார்த்துக்கிட்டே இருந்தும் எப்படித் தெரியாமப் போச்சு? சின்னதுலயே காய்ச்சலைக்கூட மறைக்கிறவ. உங்ககிட்ட எதையாவது மறைச்சாளா?"

ஹாரன் அக்கா அவனைப் பார்த்தாள். அவன் நோட்டை மூடினான்.

"இல்ல அத்தை. எல்லாத்தையும் எழுதித்தான் வெச்சா. நான்தான் சரியாப் படிக்கல."

மாமியார் அவன் தோளில் கை வைத்தார், அழுத்தவுமில்லை, எடுக்கவுமில்லை. ஹாரன் அக்கா குழாய்ப் பக்கம் திரும்பி, கழுவிய டப்பாவை மறுபடி கழுவினாள்.

வெளியே வண்டி வந்து நின்றது. தாளை இழுத்தான். கிழிந்து வந்தது. நான்காவது மூலை, கோடு எட்டாத வெறும் கட்டங்களோடு, கதவிலேயே தங்கிவிட்டது.

சுடுகாட்டிலிருந்து திரும்பி வந்தபோது மணி ஒன்றரை. வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். வீட்டில் இருந்ததை மாமியார் அவித்துத் தட்டில் வைத்தார்: சோறு, உருளைக்கிழங்கு.

"ரெண்டு வாயாவது சாப்பிடுங்க."

முழுவதையும் சாப்பிட்டான். உப்பு குறைவாக இருந்தது. தலை தானாக நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்த்தது. இரண்டு பத்து.

மாமியார் தட்டை எடுக்கக் கை நீட்டினார்.

"இருக்கட்டும் அத்தை. கொஞ்ச நேரம்."

அவர் எதிர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். கழிவறைக் கதவு திறந்தே கிடந்தது. தட்டில் ஒட்டிய பருக்கைகள் காயத் தொடங்கின.

இரண்டு ஐம்பது ஆனதும் எழுந்து தட்டைக் கழுவப் போனான்.