உப்புத் துணி

என் கணவர் பரணிதரன் சென்னையில் ஒரு பணக்காரரின் பாய்மரப் படகைப் பார்த்துக்கொண்டார். தரைப் பலகைக்கு அடியில், படகின் வயிற்றில் தேங்கும் தண்ணீரைத் தினமும் துடைத்து உலர வைப்பதுதான் முக்கிய வேலை. அதற்குத் திருத்தணியில் எங்கள் தறியில் மிஞ்சும் லுங்கித் துண்டுகளை எடுத்துப்போவார். ஞாயிற்றுக்கிழமை அழுக்கோடு கொண்டுவருவார், நான் துவைத்துக் கொடுப்பேன்.

தேங்கிய தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்ப்பாராம். சப்பென்றிருந்தால் மழைத் தண்ணீர். உப்புக் கரித்தால் கடல் தண்ணீர், படகில் எங்கோ ஓட்டை.

கடைசியாக வந்தபோது சொன்னார்: "ஒரு வாரமா கரிக்குது பிரியா. முதலாளி மழைத்தண்ணின்னு சிரிச்சிகினு போறாரு. இந்தத் துணிய துவைக்காத. அப்படியே காயட்டும், உப்பு பூக்கும். கொண்டுபோய் மூஞ்சிக்கு நேரா காட்றேன்."

"ஆங்" என்றேன். மறுநாள் விடியற்காலையில், கைப்பழக்கத்தில் எல்லாவற்றையும் சோப்புப் போட்டு அலசிவிட்டேன். அவர் திட்டவில்லை. "சரி வுடு, வாயால சொல்லிக்கிறேன்" என்று ரயிலுக்குப் போனார். ஈரத் துணிகள் கொடியிலேயே கிடந்தன.

அவர் சொன்னதை முதலாளி கேட்கவில்லை. வியாழக்கிழமை படகைக் கடலுக்குள் எடுத்துப்போகச் சொன்னார். என் கணவர் தனியாகத்தான் போனார். படகு மூழ்கியது, அவரும் போய்விட்டார்.

பத்தாம் நாள் முதலாளியின் மேனேஜர் வீட்டுக்கு வந்தார்.

"தண்ணிய ஒழுங்கா துடைச்சிருந்தா இப்படி ஆவுமாம்மா?"

நான் கொடியிலிருந்த துணிகளை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். "தெனம் இதாலதாங்க துடைச்சாரு."

அவர் ஒன்றை விரித்துப் பார்த்தார்.

"இன்னாம்மா, பளிச்சுன்னு கீது. இதுல தண்ணியே படல போல."